ஆமைப் பார்ப்பும் புலவர் கண்ணும்

சங்கச் செய்யுளைப் பற்றி நம்மவர் எழுதும் கட்டுரைகளில் ஒரு வாய்பாடு நெடுங்காலமாக நிலைபெற்றுவிட்டது. பண்டைப் புலவர் இயற்கையை உள்ளவாறு கண்டு, கண்டவாறு பாடினர் என்பதே அது. பரீட்சை விடைத்தாள் முதல் ஆராய்ச்சிப் பேருரை வரை இவ்வாய்பாடு வழங்காத இடமில்லை. சொல்வது எளிது, மறுப்பாரும் இலர், ஆதலின் அதனைச் சோதித்துப் பார்க்கும் முயற்சியும் அருகிவிட்டது. யானையையோ மயிலையோ கொண்டு சோதிப்பின் வாய்பாடு பெரும்பாலும் தேறிவிடும். அவை பகலில் மனிதர் கண்ணெதிரே திரிவன. வாழ்நாளின் பெரும்பகுதியை நீருக்குள் மறைத்து, தன் மகவையும் மணலுக்குள் மறைத்துச் செல்லும் ஓர் உயிரைக் கொண்டு சோதித்தலே நேர்மையாகும். அத்தகைய உயிர் ஆமை. புலவன் கண்டது எவ்விடத்தில் முடிகிறது, கருதியது எவ்விடத்தில் தொடங்குகிறது என்பதை அது காட்டிக்கொடுத்துவிடும்.

அகநானூற்றின் 160ஆம் பாட்டு குமிழிஞாழலார் நப்பசலையார் என்னும் புலவர் பாடியது. நெய்தற்றிணைக்குரியது. தலைவன் வரைவுக்கு வருகின்றான் என்னும் செய்தியைத் தோழி தலைவிக்கு உணர்த்துகின்றாள். அவ்விடத்தே தலைவனுடைய கடற்கரைக்கு அடைமொழியாக ஓர் ஆமைக் காட்சி வருகின்றது. நிறைந்த சூலையுடைய பெண்ணாமை அடும்பங் கொடி சிதையும்படி இழுத்து, கழிக்கரையின் வெண்மணல் மேட்டில் மறைவாக முட்டையிட்டுப் புதைக்கின்றது. முட்டை, யானைக் கொம்பினாற் செய்த வட்டுப்போல உருண்டது, புலால் நாறுவது. அதிலிருந்து பார்ப்பு வெளிப்படுங் காலம்வரை, அகன்ற வாயையுடைய அதன் கணவன் காத்து நிற்கின்றான்.

இவ்வருணனையை இக்கால உயிரியலார் கூறுவனவற்றோடு வைத்து நோக்குவாம். கடலாமை இரவில் கரையேறி, அலை எட்டாத மேட்டில், அடும்பு முதலிய கொடிகள் படரத் தொடங்கும் எல்லையையடுத்துக் குழி தோண்டுதல் பலரும் கண்டது. முட்டையிட்டபின் முன்துடுப்புக்களால் மணலை வாரி இறைத்து, குழி இருந்த இடமே தெரியாதபடி செய்துவிட்டுப் போதலும் அங்ஙனமே. கோழிமுட்டை போல ஒருபுறம் குவியாது, கடலாமை முட்டை பந்துபோல் உருண்டிருப்பதால் வட்டு என்னும் உவமை மிகப் பொருத்தமுடையது. கொடி சிதைதல், மணல் குவிதல், முட்டையின் வடிவம், அதன் நாற்றம் ஆகிய நான்கும் கண்ணும் மூக்கும் அறிந்தவை. கரையில் விடியுமுன் நின்றவர் ஒருவர் இதனைப் பாடினார் அல்லது அத்தகையார் வாய்க் கேட்டுப் பாடினார் எனத் துணியலாம்.

இனி ஐந்தாவது செய்தி. கணவன் காத்தல் என்பது உலகில் நிகழாதது. கடலாமையின் ஆண் மணலில் பிறந்து கடலை அடைந்தபின் மீளக் கரையேறுதல் மிகமிக அரிது. வெயில் காயும்பொருட்டு ஆண்களும் கரையேறும் வழக்கம் ஹவாய் போன்ற சில தீவுகளிற் காணப்படுகின்றது. ஆங்கும் முட்டை காத்தல் இல்லை. பெண்ணும் காப்பதில்லை. ஒரு குழியில் ஏறத்தாழ நூறு முட்டைகளை இட்டு மூடிவிட்டுக் கடலுக்குள் இறங்கும் தாய் அவற்றைத் திரும்பிப் பார்ப்பதில்லை. ஐம்பது அறுபது நாட்களின் பின்னர்க் குஞ்சுகள் ஒன்றையொன்று உந்தி மணலைத் துளைத்து வெளிவந்து, வெளிறித் தெரியும் கடலை நோக்கித் தாமே ஓடுகின்றன. மணலின் சூடே அவற்றை அடைகாப்பது. அச்சூடே அவை ஆணா பெண்ணா என்பதையும் முடிவு செய்கின்றது; ஏறத்தாழ 29 பாகைக்கு மேற்பட்ட வெப்பத்தில் பெண் மிகுதி, கீழ்ப்பட்டதில் ஆண் மிகுதி. ஆகவே எவ்விடத்திற் குழி தோண்டுவது என்று தேர்தலே அத்தாய் தன் மகவுக்குச் செய்யும் பேருதவி. நப்பசலையார் கண்ட அடும்பங் கொடி வெற்றலங்காரம் அன்றென்பது இதனாற் புலப்படும்.

புலவர் பிழைபட்டார் என்று கூறி இவ்விடத்தே நின்றுவிடின் அது திறனாய்வு ஆகாது. பிழை பாட்டுக்குள் என்ன செய்கின்றது என்பதையே நாம் கேட்டல் வேண்டும். பாட்டின் பிற்பகுதியில் தேர் வருகின்றது. முன்பெல்லாம் அத்தேர் இரவில், கழிநீரைக் கடந்து, ஒருவரும் அறியாமல் வந்தது. இன்று இளையர் ஆரவாரிப்ப, அலர் தூற்றும் சிற்றூர் காண, பட்டப்பகலில் வருகின்றது. இரவில் மறைத்தல், பகலில் வெளிப்பட நின்று காத்தல் என்னும் இவ்விரண்டுமே பாட்டின் உயிர். பெண்ணாமை மறைத்துப் புதைத்தது களவுக்காலத்தைக் குறிக்கும். ஆணாமை நின்று காத்தது வரைவைக் குறிக்கும். உள்ளுறையின் முற்பாதி கண்டது; பிற்பாதி வேண்டியது. இவ்வமைப்பினை நோக்க, புலவர் அறியாமையினால் இடறிவிட்டார் என்று கொள்ள எனக்கு மனமில்லை. கண்டவற்றின் முடிவில், தலைவிக்கு எது நிகழவேண்டுமோ அதனை அவர் ஆமையின்மேல் ஏற்றினார் என்றே கொள்வேன். மணல்மேட்டில் காவல் நிற்பார் ஒருவரும் இல்லாத அந்த வெறுமை அவர் கண்ணிலும் பட்டிருக்கலாம்.

மற்றை இரு பாட்டுக்களை இதனோடு ஒப்பிட்டால் இக்கருத்து வலுப்பெறும். ஐங்குறுநூற்றில் ஓரம்போகியார் பாடிய 44ஆம் செய்யுளில், பொய்கையில் வாழும் ஆமைக் குஞ்சு தாயின் முகத்தை நோக்கியே வளர்வதாகத் தோழி கூறுகின்றாள். தலைவிக்குத் தலைவன் மார்பு அத்தகையது என்பது அவள் கருத்து. குறுந்தொகை 152இல் கிள்ளிமங்கலங்கிழார் தலைவியைப் பேசவைக்கின்றார். காதலர் கைவிட்டால், தாயில்லாத முட்டையைப்போல உள்ளே கிடந்து அழிவதையன்றி என் காமத்திற்கு வேறு போக்கு இல்லை, இடித்துரைப்பார் இதனை அறியார் என்கின்றாள் அவள். ஒரு புலவர்க்கு ஆமையைக் காப்பவன் தந்தை. மற்றொருவர்க்குத் தாயின் முகம். வேறொருவர்க்குத் தாய் இன்றேல் முட்டை பாழ். மூவரும் உள்ளவாறு கண்டனர் எனின் மூவரும் ஒன்றையே கூறியிருப்பர். காணாத இடத்தை அவரவர் தத்தம் பாட்டின் தேவைக்கேற்ப நிரப்பினர் என்பதே தெளிவு.

பாட்டு என்னும் முறையில் மூன்றும் ஒரு தரத்தன அல்ல. ஐங்குறுநூற்றுச் செய்யுளின் பாரம் முழுவதும் தாய்முகம் என்னும் அந்த ஒரு செய்தியின் மேலேயே கிடக்கின்றது. அச்செய்தி வழங்குகதை என்று அறிந்தவுடன் செய்யுள் சற்றே மெலிந்து தோன்றுகின்றது. குறுந்தொகைப் பாட்டுக்கு அவ்விடர் இல்லை. ஆமை முட்டை யாவும் தாயில்லாதனவே என்பதை இன்று நாம் அறிவோம். எனினும் இருளில், மணலுக்கடியில், ஒருவரும் வராத இடத்தில் உள்ளேயே கிடத்தல் என்னும் நிலை அப்படியே மெய்யாக நிற்கின்றது. தலைவி கூறவந்ததும் அந்நிலையையே.

இங்கு ஓரம்போகியாரைப் பற்றி இன்னுமொன்று கூறவேண்டும். அதே பத்தின் 41ஆம் செய்யுளில் அவர் முதலையைப் பாடுகின்றார். தன் குஞ்சைத் தானே தின்னும் அன்பில்லாத விலங்கு என்று அதனைப் பழிக்கின்றார். தாய்முதலை தன் குஞ்சுகளை வாயிற் கவ்விச் செல்லுதல் மெய். ஆனால் அது தின்பதற்கன்று. முட்டையிட்ட இடத்தைக் காத்திருந்து, குஞ்சுகள் குரலெழுப்பும்போது மண்ணை அகழ்ந்து, வாயிலேந்தி நீரில் விடுகின்றது அது. சென்னையை அடுத்த முதலைப் பண்ணையில் 1980களில் நடந்த ஆய்வில், நம் நாட்டு நீர்நிலைகளிலும் உள்ள சதுப்புநில முதலையின் ஆணும் இத்தொழிலைச் செய்தல் அறியப்பட்டது. நப்பசலையார் தேடிய கணவன் முதலைக் குலத்தில் இருந்தான்! விட்டுச் செல்லும் ஆமை அன்புடையதாகவும், காத்து நிற்கும் முதலை அன்பிலதாகவும் ஒரே பத்திற் பாடப்பட்டிருத்தலை, இயற்கையை உள்ளவாறு கண்டனர் என்போர் எங்ஙனம் அமைத்துக்காட்டுவரோ அறியேன். விலங்கின் முகத்தோற்றமே தீர்ப்பை எழுதிவிட்டது போலும்.

திருக்குறள் 126ஆம் பாவிலும் பகவத்கீதையின் இரண்டாம் அத்தியாயத்திலும் வரும் ஆமை, உறுப்புக்களை ஓட்டுக்குள் ஒடுக்கும் ஆமை. புலனடக்கத்துக்கு அதனினும் தகுந்த உவமை கிடைப்பது அரிது. ஆயினும் அது குளத்தாமையும் நிலத்தாமையுமே. கடலாமையால் தலையையும் துடுப்புக்களையும் உள்ளே இழுத்துக்கொள்ள இயலாது. கரையேறியபின் எதிர்ப்பட்டது நாயாயினும் மனிதனாயினும் அதற்கு ஒளிவிடம் இல்லை. நெய்தல் ஆமையையும் மருத ஆமையையும் ஒன்றாகக் கலந்து பேசும் உரைகள் இதனை நினைவிற் கொள்ளுதல் நன்று.

சைவ சித்தாந்த மரபில் தீட்கை வகைகளை விளக்கும்போது மூன்று உயிர்களைக் காட்டுவர். பறவை தீண்டியும், மீன் பார்த்தும், ஆமை நினைத்தும் தத்தம் முட்டையைப் பொரிக்கும் என்பர். பரிச தீட்கை, நயன தீட்கை, மானச தீட்கை என்பவற்றுக்கு இவை முறையே எடுத்துக்காட்டு. உயிரியல் நோக்கில் இதுவும் மெய்யன்று. ஆனால் சங்கப் பாட்டுக்கள் மூன்றும் ஏற்கத் தயங்கிய ஒன்றை இவ்வுவமை ஏற்றுக்கொண்டது. தாய் அருகில் இல்லை என்பதே அது. முட்டை கரையில், தாய் கடலில். இடையே எத்தொடர்பும் கண்ணுக்குத் தெரியவில்லை. எனினும் குஞ்சு பிறக்கின்றது. ஆகவே தொடர்பு நினைவினால் ஆயது எனல் வேண்டும் என்று ஆசிரியர் முடிவு செய்தனர். காணப்பட்ட உண்மையை மறைக்காமல், அதற்கொரு காரணம் தேடியமையால் இதனை அம்மூன்று பாட்டுக்களினும் நேர்மையான நோக்கு என்பேன். முதற்பதிகத்திலேயே இறைவனை ஆமையோடு அணிந்தவனாகச் சம்பந்தர் பாடியதும், காஞ்சியிற் கச்சபேசுவரர் கோயிலில் திருமால் ஆமையாய்ச் சிவனை வழிபட்டதாகக் கூறும் புராணமும் ஈண்டு நினைக்கத்தக்கன. இவற்றோடு, ஆமை புகுந்த வீடு உருப்படாது என்னும் பழமொழியும் நம்மிடையே வழங்குகின்றது. கோயிலிற் கும்பிட்டதை வாசலிற் கண்டு நடுங்கினோம்.

இதுவரை நாம் பார்த்தவை போற்றிய பாட்டுக்கள். உண்ட பாட்டுக்களும் உள. பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்து மக்கள் கடல் இறாலைச் சுட்டும் வயல் ஆமையை வேகவைத்தும் தின்கின்றனர். புறநானூறு 176இல் புறத்திணை நன்னாகனார் ஓய்மான் நல்லியக்கோடனின் நாட்டைப் புகழ்கின்றார். ஆங்கு விளையாடும் மகளிர், பன்றி உழுத சேற்றைக் கிளைத்து, ஆம்பற் கிழங்கோடு ஆமை முட்டையையும் எடுக்கின்றனர். வியப்பென்னவெனின், நப்பசலையார் முட்டைக்குக் கொடுத்த அதே புலால் நாற்றத்தையே நன்னாகனாரும் கொடுக்கின்றார். ஒரு பாட்டில் அது கணவன் காக்கும் முட்டை. மற்றொன்றில் அது நாட்டின் வளத்தைக் காட்டும் பண்டம். இவ்விரண்டினையும் அருகருகே வைத்துப் பேசும் கட்டுரைகள் அரியன. வளம் என்று வரும்போது உணவும், காதல் என்று வரும்போது உறவும் ஆகிய ஒரே முட்டை பண்டைத் தமிழர் நெஞ்சில் எவ்வித முரணுமின்றிக் கிடந்தது.

அம்முரணின்மை பிற்காலத்தில் எங்கே கொண்டுவந்து விட்டது என்பதைக் காட்டும் சான்று ஒன்று நம் ஊரைப் பற்றியது. 1845 முதல் 1850 வரை இலங்கையின் குடியேற்றநாட்டுச் செயலாளராக இருந்த சேர் ஜேம்ஸ் எமேசன் தெனன்ற், 1859இல் வெளியிட்ட பெருநூலில் யாழ்ப்பாணத்துச் சந்தையை வருணிக்கின்றார். மீனவர் குடும்பத்தினர் ஆமையை உயிரோடு வைத்துக்கொண்டே, வாங்குவோர் கேட்குந்தோறும் துண்டு துண்டாக அரிந்து விற்றனர் என்பது அவர் கூற்று. ஓடு அகற்றப்பட்ட பின்னரும் நெஞ்சம் துடித்துக்கொண்டிருந்ததை அவர் அருவருப்போடு எழுதுகின்றார். முட்டையிடக் கரையேறிய அழுங்காமையைப் பிடித்து, ஓட்டின் தகடுகள் கழலும்வரை நெருப்பின்மேல் வாட்டி, பின்னர்க் கடலில் விட்டுவிடும் வழக்கத்தையும் அவர் கூறுகின்றார். இறந்த ஆமையின் ஓடு நிறம் மங்கிவிடும் என்பது அதற்குக் காரணம். அவ்வோட்டிலிருந்து செய்த சீப்பைத் தென்னிலங்கை ஆடவர் கொண்டையிற் செருகினர். ஐரோப்பியர் பேழைகளிலும் கண்ணாடிச் சட்டங்களிலும் பதித்தனர்.

தெனன்றை நாம் முழுவதும் நம்பிவிடவேண்டியதில்லை. அவர் ஆளவந்தவர், ஆளப்படுவோரின் கொடுமையைக் கூறுதல் ஆளவந்தவர்க்கு உவப்பானது. அவர் காலத்து இலண்டன் விருந்துகளில் ஆமைச் சாறு இல்லாத விருந்து விருந்தாகக் கருதப்படவில்லை. அதற்காக மேற்கிந்திய தீவுகளிலிருந்து உயிராமைகள் கப்பலில் மல்லாத்தி ஏற்றப்பட்டன. அச்சமையலறைகளை அவர் வருணிக்கவில்லை. இவையெல்லாம் மெய். ஆயினும், எழுதியவரின் குறையைக் காட்டி எழுதப்பட்டதை இல்லையென்றாக்குதல் முடியாது. முத்துக்குளிப்பைப் பற்றியும் யானையைப் பற்றியும் அவர் எழுதியவற்றை விரும்பி எடுத்தாளும் நாம், இச்சந்தைப் பகுதியை விலக்கிவிடுகின்றோம். அகநானூற்றை ஆராயும் கட்டுரைக்கு மீன்சந்தையோடு என்ன தொடர்பு எனின், ஒரே நெய்தல் நிலம் என்பதே தொடர்பு. பாட்டில் வரும் கடற்கரையைப் போற்றுவோர், கண்முன் கிடக்கும் கடற்கரையையும் நோக்கவேண்டிய கடன் உடையர்.

நோக்கியோர் இல்லாமலில்லை. கொழும்பு நூதனசாலையின் பணிப்பாளராயிருந்த பி. ஈ. பி. தெரணியகல இத்தீவின் ஆமைகளையும் முதலைகளையும் அளந்து, வரைந்து, 1939இல் ஒரு நூலாக வெளியிட்டார். இலங்கைக் கரைகளில் ஐவகைக் கடலாமைகள் முட்டையிடுகின்றன என்னும் இன்றைய அறிவுக்கு அவர் உழைப்பு அடிப்படை. அவர் நூல் அளவைகளால் ஆயது. அதனைக் காதலோடு படிக்க இயலாது, நம்பிப் படிக்கலாம்.

காதலோடும் நம்பியும் படிக்கத்தக்க நூலொன்று அமெரிக்காவிற் பிறந்தது. புளோரிடாப் பல்கலைக்கழகத்து ஆசிரியர் ஆர்ச்சி கார் 1956இல் எழுதிய ‘விண்ட்வேட் றோட்’ அது. கரிபியன் கரைகளில் ஆமையைத் தேடி அலைந்த கதை. அங்கு அவர் ஓர் ஆமையினத்தைப் பற்றி எழுதியதே நம் திறனாய்வுக்கு வேண்டியது. றிட்லி எனப்படும் அச்சிற்றாமை மெக்சிக்கோ வளைகுடாவிற் காணப்பட்டது. ஆனால் அது எங்கே முட்டையிடுகின்றதென அறிஞர் எவர்க்கும் தெரியவில்லை. அது கலப்பினம் என்றனர் மீனவர். அது முட்டையிடுவதேயில்லை என்பாரும் இருந்தனர். கார் அக்கதைகளை ஒவ்வொன்றாகக் கேட்டு, எடைபோட்டு, ஒன்றையும் ஏற்காமல், விடையில்லாமலே அப்பகுதியை முடிக்கின்றார். விடை 1961இல் வந்தது. மெக்சிக்கோவின் றாஞ்சோ நுவேவோ கரையில் 1947இல் எடுக்கப்பட்ட ஒரு திரைப்படச் சுருள் அவ்வாண்டில் அறிஞர்க்குக் காட்டப்பட்டது. ஒரே நாளில், பகல் வெளிச்சத்தில், ஏறத்தாழ 40,000 பெண்ணாமைகள் கரையேறியதாக அதிலிருந்து கணிக்கப்பட்டது. அவ்வூரார் அதற்கு முன்னரே அறிந்து முட்டைகளை அள்ளிக்கொண்டிருந்தனர். 1985ஆம் ஆண்டு முழுவதிலும் அங்கு எண்ணப்பட்ட குழிகள் சில நூறே.

காணாத இடத்தைக் காணாத இடமாகவே விட்டுவைத்தமை காரின் உரைநடைக்குப் பெருஞ்சிறப்பு. புலவர் நிரப்பினர், இவர் நிரப்பவில்லை. எனினும் அவரிடம் அன்பு குறைந்ததென்று கூறுவார் இல்லை. அந்நூலைப் படித்தோர் சிலர் 1959இல் பேராமையின் சகோதரர் எனத் தமக்குப் பெயரிட்டுக்கொண்டு ஒரு சங்கம் கண்டனர். கொஸ்தாரிக்காவின் தோத்துகுவேரோ கரையில் கார் தொடங்கிய ஆமை ஆய்வு அவர் 1987இல் மறைந்த பின்னரும் தொடர்கின்றது. பெண்ணாமை பல்லாண்டுகளின் பின் தான் பிறந்த கரைக்கே மீளுதல், அக்கரையின் காந்தப்புலத்தைக் குஞ்சுப்பருவத்தில் உணர்ந்து வைத்திருத்தலால் ஆகலாம் எனப் பிற்காலத்து ஆய்வுகள் காட்டியுள்ளன. நினைவினால் தொடர்பு உண்டு என்ற சித்தாந்த ஆசிரியர் இதனைக் கேட்டிருப்பின் முகமலர்ந்திருப்பர். நினைப்பது தாயன்று, குஞ்சு என்பது மட்டுமே வேறுபாடு.

நம் தீவில் கடலாமைகள் 1972 முதல் சட்டத்தாற் காக்கப்பட்டவை. சட்டம் இரவில் மணல்மேட்டில் வந்து நிற்பதில்லை. தென்கரையிலுள்ள ரெக்கவ என்னும் ஊரில் 1990களில் ஒரு முயற்சி தொடங்கியது. முட்டை தோண்டி விற்றுப் பிழைத்தவர்களுக்கே கூலி கொடுத்து, அவர்களையே குழிகளுக்குக் காவலராக வைத்தனர். எவ்விடத்தில் குழி இருக்கும் என்பதை அவர்களைப்போல் அறிந்தார் வேறெவருமில்லை. குஞ்சு வெளிப்படுங் காலம்வரை அங்கு காத்து நிற்பவர் உளர். நப்பசலையார் ஆணாமைக்கு அளித்த தொழிலை முட்டைக் கள்வர் மேற்கொண்டனர். தென்மேற்குக் கரையில் உள்ள பொரிப்பிடங்கள் பலவற்றை இதனோடு ஒப்பிட இயலாது. அவற்றுட் சில, குஞ்சுகளைத் தொட்டிகளில் நாட்கணக்காக அடைத்து வைத்து, பார்வையாளர் கையிற் கொடுத்துப் படமெடுக்க விடுகின்றன. பிறந்தவுடன் ஓயாது நீந்திக் கரையோரப் பகைகளைக் கடந்துவிடுவதற்காக இயற்கை அக்குஞ்சுக்குக் கொடுத்த வலிமை தொட்டிச் சுவரில் மோதி வீணாகின்றது. பார்ப்பவர் அன்போடுதான் பார்க்கின்றனர். முகம் நோக்கி வளரும் என்ற பழங்கதையின் புதிய பதிப்பு இது.

வடகரையில் நிலைமை வேறு. ஆமை இறைச்சியோடும் உயிராமையோடும் பிடிபட்டோரைப் பற்றிய செய்திகள் மன்னார், யாழ்ப்பாணப் பகுதிகளிலிருந்து அண்மைக்காலத்தும் நாளேடுகளில் வந்துள்ளன. அக்கரையிலிருந்து சில கல் தொலைவில் உள்ள வகுப்பறைகளில் நெய்தற்றிணைக்குக் கருப்பொருள் எழுதும் மாணவர்க்கு ஆமை ஒரு சொல்லாக மட்டுமே அறிமுகமாகின்றது. அகநானூறு 160க்கு உரையெழுதுவோர் இனியேனும் அடிக்குறிப்பில் ஒரு வரி சேர்க்கலாம்: ஆணாமை கரைக்கு வருவதில்லை, குழியருகே எவருமில்லை.